பச்சைக் கட்டம்

பூந்தமல்லி
28.12.2025

கவிப்பிரியாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். இவ்வளவு கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரிய உடம்பில் தெம்பு வேண்டும், அதனால் நலமாகத்தான் இருப்பாய்.

இதைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்கிறவர் என் வீட்டுக்காரர் ஃபயாஸ். ஆவடி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, தன் குட்டி யானை வண்டியை கோவில்பதாகை பக்கம் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். "உங்க ரெண்டு பேரு சண்டைல என்னை போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்கோ" என்று புலம்பிக்கொண்டே கிளம்பினார். என்மேல் இருப்பதை அவர்மேல் காட்டாதே. ஒரு டீ கொடு.

வேறு என்ன செய்வது? என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். அவர் எண்ணிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். பத்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் துண்டுச்சீட்டு அனுப்பிக்கொள்வோமே, அதையே கொஞ்சம் பெரிய தாளில் செய்கிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை ஹிபாவுக்கு ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை வசீமுக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மண்டபத்தில் பெண்கள் பக்கத்து வாசலில் என் அம்மா ஜுபைதா துணிப்பையோடு உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாருடைய மொபைலையும் வாங்கிப் போட்டுக்கொள்வார். உள்ளே துப்பட்டாவை எடுத்துவிட்டு அலங்காரத்தோடு இருக்கிற பெண்களின் படம் வெளியே ஊர் சுற்றக் கூடாதே. உன் கேமரா ஒன்றுக்குத்தான் அம்மாவின் சம்மதம். நிச்சயத்தன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெட்டு கெடையாது, வாட்ஸப்பு கெடையாது, வாயில்லாப் பூச்சி. இது இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

என் கல்யாணத்தில் அதுகூட இல்லை. என் ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தாடியும் தொப்பியும்தான். அன்றைக்கு நான் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தேன் என்று காட்ட ஒரு படம் கிடையாது. ஹிபா பக்கத்தில் நான் நிற்கிற படம் ஒன்று எனக்கு வேண்டும், கவி. அவள் போன பிறகு வைத்துப் பார்க்க. வேறு ஆசை இல்லை.

கேமராவைக் கொடு. மனசு வந்தால் நீயே வந்து எடுத்துக் கொடு. உன் படங்கள் பாழானதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான் செய்யாததற்கு எதற்குக் கேட்க வேண்டும்?

இஃபத்

*

கோவில்பதாகை
30.12.2025

இஃபத்துக்கு,

டீ கொடுத்தேன், இரண்டு பஜ்ஜியும் கொடுத்தேன். அண்ணன்மேல் எனக்கு என்ன கோபம்? பதில் எழுத நேரமில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பினேன். இன்றைக்கு வந்து காத்திருக்கிறார்.

நீ செய்யாதது என்கிறாய். செப்டம்பரில் ஹிபாவின் நிச்சயத்துக்கு என் கேமராவை வாங்கிப் போனாய். திருப்பி வாங்க வந்தபோது எங்கே இருந்தது? உன் தையல் மிஷின் டிராயரில், பாபினுக்கும் சாக் கட்டிக்கும் நடுவில். சரி, தோழிதானே என்று ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து வந்தேன். நவம்பரில் என் மகள் ஸ்வாதிக்கு திருமுல்லைவாயில் கோயிலில் காது குத்தினோம். அதற்காகவே என் தம்பி விஜய் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தான். அவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அத்தனை படமும் இட்லிப் பானையைத் திறந்தவுடன் எடுத்த மாதிரி ஒரே ஆவி. குழந்தை முகமும் தெரியவில்லை, தாய்மாமன் முகமும் தெரியவில்லை. விஜய் திரும்பிப் போய்விட்டான். காதை இன்னொரு தடவை குத்த முடியுமா?

அந்த ஆத்திரத்தில்தான் நம் பள்ளி வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பினேன், "கத்தரி புடிக்கிற கைல கேமராவ குடுத்தது என் தப்பு" என்று. இப்போதும் அதையேதான் சொல்வேன். சாக் தூள் லென்ஸில் படிந்தால் அப்படித்தான் ஆகும்.

ஆனால் ஹிபா ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால் கேமராவைக் கொடுத்தனுப்புகிறேன். ஊருக்குப் போகும் முன் விஜய் துடைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. நான் வர மாட்டேன். நீயே எடுத்துக்கொள். எப்படி என்று எழுதுகிறேன், ஒழுங்காகப் படி.

எடுத்தவுடன் வாரை மணிக்கட்டில் மாட்டு. அப்புறம்தான் ஆன் செய்ய வேண்டும். லென்ஸ் தானாக வெளியே வரும், தானாக உள்ளே போகும், நீ இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஆஃப் செய்தபின் அதன் முன்னால் இருக்கிற சின்ன இதழ்கள் மூடும்வரை பொறுத்திருந்து உறைக்குள் போடு. படம் எடுக்கிற பொத்தானை ஒரே குத்தாகக் குத்தாதே. பாதி அழுத்து. 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் ஒரு பச்சைக் கட்டம் விழும். கட்டம் எதன்மேல் விழுகிறதோ அதுதான் தெளிவாக வரும். விழுந்தபின் மீதியை அழுத்து. மிஷின் பெடலில் கால் வைத்ததும் முழுசாக மிதித்துவிடுவாயா நீ? அப்படித்தான் இதுவும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள், ஆடாது. சிவப்பு விளக்கு மினுக்குகிற வரைக்கும் கார்டை உருவாதே. குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் பக்கமே போகாதே. அண்ணனிடமும் சொல், வண்டியின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் போட வேண்டாம், பேட்டரி கெட்டுப்போகும்.

முக்கியமாக, மிஷின் டிராயரில் வைக்காதே.

கவிப்பிரியா

*

பூந்தமல்லி
4.1.2026

கவிப்பிரியா மேடத்துக்கு,

திருமழிசை கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவள் எழுதிய கடிதம் என்று உறையைத் தொட்டாலே தெரிகிறது. அதைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, "யாரு அக்கா இந்த டீச்சரு?" என்று கேட்கிறார்கள்.

தினமும் பழகுகிறேன். முதல் நாள் எடுத்தது எல்லாம் என் விரல். ஃபிளாஷுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டே, ஏன் இருட்டாக வருகிறது என்று கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஃபயாஸை எடுத்தேன், அவருக்குத் தலை இல்லை. "இன்னாமே, மூஞ்சி நல்லால்லன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்" என்கிறார். அம்மாவை எடுத்தபோதுதான் பாதி அழுத்துவது கைக்குப் பழகியது. பச்சைக் கட்டம் சரியாக அம்மாவின் மூக்குத்தியில் போய் விழுந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி.

அம்மாவின் படத்தைப் பார்த்தால் உன் இட்லிப் பானை ஆவி அதிலும் இருக்கிறது. இந்தத் தடவை கேமரா டிராயர் பக்கமே போகவில்லை. உன் கடிதத்துக்குப் பயந்து பீரோவில், துவைத்த துணி நடுவில் வைத்திருக்கிறேன். பிறகு எங்கிருந்து வந்தது? ஆரி எம்பிராய்டரி வேலைக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு லென்ஸை உற்றுப் பார்த்தேன். தொடவில்லை, சத்தியமாகப் பார்க்க மட்டும்தான் செய்தேன். இதழ்களின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவை இதழ் திறக்கும்போதும் அது உதிர்ந்து கண்ணாடியில் விழுகிறது. என் சாக் வெள்ளை, கவி. மூக்கின் அருகே கொண்டுபோனேன். சந்தனம்.

சந்தனம் என்றதும் நீ அத்தர் என்று ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும். அதனால் இன்னும் நன்றாகப் பார்த்தேன். சந்தனத்துக்கு நடுவில் சிவப்பாக இரண்டு துகள். குங்குமம். எங்கள் வீட்டில் யாரடி குங்குமம் வைக்கிறார்கள்?

கேமராவைத் திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீயே முகர்ந்து பார். கல்யாணத்துக்கு நாள் அதிகம் இல்லை. இப்படியே இருந்தால் ஹிபாவும் ஆவியில்தான் நிற்பாள்.

இஃபத்

*

கோவில்பதாகை
6.1.2026

இஃபத்,

முகர்ந்து பார்த்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன், நீயும் அனுபவி.

"யம்மா, இந்த கேமராவுல சந்தனம் எப்டி வந்துச்சு?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது. மிக்சிக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன், உன் வண்டிக்கு வெச்சேன். அத்த மட்டும் உட்டுட்டா அது இன்னா நினைக்கும்?"

"வெச்சது சரி. எங்க வெச்சே?"

"கண்ணு மேல தான். அதுக்கு கண்ணு தான முக்கியம்? அப்பால மறுநாளு ஈரத் துணில நல்லா அழுத்தித் தொடச்சிட்டேனே."

இதுதான் நடந்தது. மூடியிருந்த இதழின்மேல் என் அம்மா வேம்புலியம்மாள் சந்தனமும் குங்குமமும் வைத்தார், ஈரத்துணியால் தேய்த்து இடுக்கெல்லாம் இறக்கிவிட்டார். உன்னிடமிருந்து கேமரா நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. நான் திறந்தே பார்க்காமல் காதுகுத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பழியை உன் தலையில் போட்டேன். கம்பெனியில் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் அனுப்ப மாட்டேன். தோழி விஷயத்தில் பார்க்கவில்லை.

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இந்த வரியை எழுத மூன்று தாளைக் கிழித்தேன்.

அம்பத்தூரில் கேமரா ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை கொண்டுபோய் உள்ளே சுத்தம் செய்யச் சொல்கிறேன். சரியானதும் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வரவில்லை, இஃபத். கோபத்தால் இல்லை. அந்த வார்த்தையை நம் வகுப்பே கேட்டது. உன் அம்மாவும் கேட்டிருப்பார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பேன்?

உன்னை அன்பிளாக் செய்துவிட்டேன். அனுப்பிய செய்திக்கு ஒரு டிக்தான் விழுகிறது. நீயும் என்னை பிளாக் செய்திருக்கிறாயா என்ன?

கவி

*

பூந்தமல்லி
9.1.2026

அடி கவி,

செய்யாமல் இருப்பேனா? நீ செய்த அரைமணி நேரத்தில் நானும் செய்தேன். உனக்கு மட்டும்தான் கோபம் வருமா?

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கண்ணுமேல் பொட்டு வைத்த இடம் வந்ததும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அவளும் எம் பொண்ணுதான். கோவத்துல ரெண்டு வார்த்த வுட்டா என்னா இப்ப? வந்து வயிறாரத் துன்னுட்டு போட்டோ புடிக்கச் சொல்லு. வரலேன்னா நானே ஆவடிக்கு வண்டி ஏறிடுவேன்." அம்மா சொன்னால் செய்வார். உன் தெருவுக்கு வந்து சத்தம் போட்டால் என்னைக் குறை சொல்லாதே.

உன்மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தரி பிடிக்கிற கை என்று நீ சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. உன் கல்யாணப் பிளவுஸைத் தைத்த கை இது. மூன்று தாளைக் கிழித்தாயே, அதோடு முள் போய்விட்டது.

ஆனால் நீ வராமல் என் வேலை ஆகாது. நான் எடுத்தால் படத்தில் ஹிபா இருப்பாள், நான் இருக்க மாட்டேன். தானாக எடுக்கிற பொத்தான் ஒன்று இருந்ததே, கேமரா இங்கே இருந்தபோது அதையும் போட்டுப் பார்த்தேன். துணிக்கட்டின்மேல் வைத்துவிட்டு ஓடினேன். என் முதுகுதான் விழுந்தது. சொந்தக்காரப் பெண்கள் யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், எல்லாரும் மொபைலைத் தட்டிப் பழகியவர்கள், பாதி அழுத்தச் சொன்னால் முறைக்கிறார்கள்.

நீ வா. உன் அம்மாவையும் கூட்டி வா. அவரில்லாமல் இந்தச் சண்டையே வந்திருக்காது, விருந்து மட்டும் அவர் இல்லாமல் எப்படி? கல்யாணப் படம் நல்லபடியாக வந்து, நான் கண்ணால் பார்த்த பிறகுதான் உன்னை அன்பிளாக் செய்வேன். அதுவரை தாளும் பேனாவும்தான். ஃபயாஸ் பாவம், ஆனால் உன் வீட்டு பஜ்ஜிக்குப் பழகிவிட்டார்.

இஃபத்

*

கோவில்பதாகை
18.1.2026

இஃபத்,

வருகிறேன்.

கேமரா சுத்தமாகிவிட்டது. அம்பத்தூர்க்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், லென்ஸுக்கு கல்யாணமா ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பொங்கலன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தார். கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உன் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடு. வாசலில் பன்னீர் தெளிக்கும்போது கேமரா உறைக்குள் இருக்கும், உறை என் முந்தானைக்குள் இருக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் என்மேல் தெளிக்கட்டும். சந்தனத்தில் பட்டது போதும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே கேள்விதான், "பாய் ஊட்டு பிரியாணி எத்தினி மணிக்குப் போடுவாங்கோ?"

கவி

*

கோவில்பதாகை
27.1.2026

இஃபத்,

எனக்கு வேலை ஓடவில்லை. கம்பெனியில் லேபிளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் அம்மா பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்தே விட்டார், நான் சொன்னதை நம்பி. கேமரா தப்பித்தது, என் தலைப்பின்னல்வரை நனைந்தது. அது பரவாயில்லை. ஹிபா மேடையில் உட்கார்ந்ததிலிருந்து நன்றாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் பாதி அழுத்தி, கட்டம் பார்த்து, மீதி அழுத்தினேன். வாரைக் கழற்றவே இல்லை.

பிறகு நீ பச்சைப் புடவையில் போய் ஹிபா பக்கத்தில் நின்றாய். அவள் உன் தோளில் சாய்ந்து, "நீயும் வந்துரு அக்கா" என்றாள். நீ அழுதாய், அவள் அழுதாள். எனக்கும் வந்துவிட்டது, இஃபத். திரையே தெரியவில்லை. பச்சைக் கட்டம் விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. 'பீப்' கேட்டதா என்றும் நினைவில்லை. அப்படியே அழுத்திவிட்டேன். இன்னொன்று எடுப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக மேடை ஏறிவிட்டார்கள். அதன்பின் நீங்கள் இருவரும் தனியாக நிற்கவே இல்லை.

நீ கேட்டது அந்த ஒரு படம். அதைத்தான் சொதப்பினேனோ என்று பயமாக இருக்கிறது. கிளம்பும்போது உன் அம்மா வாசலில் கையை நீட்டினார், கேமராவைக் கார்டோடு அப்படியே கொடுத்துவிட்டேன். திருப்பிப் பார்க்க நேரம் இல்லை. டிவியில் பார்க்கிற ஒயரும் உறையில் இருக்கிறது. பார்த்தாயா? வந்திருக்கிறதா? நல்லதோ கெட்டதோ, எழுது.

கடைசியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, நம் இருவரையும் என் அம்மாவே எடுக்கட்டும் என்றாயே. அந்தப் படத்தின்மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன் அம்மா கேமராவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

கவி

*

பூந்தமல்லி
30.1.2026

என் கவிக்கு,

வந்திருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதற்றத்தில் பஜ்ஜியைக் கருக்கிவிடுவாய்.

நேற்று ஆண்களை எல்லாம் டீக்கடைக்கு விரட்டிவிட்டு, டிவியில் ஒயரை மாட்டி நாங்கள் பெண்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். மஸ்கட் கிளம்பும் முன் ஹிபாவும் வந்திருந்தாள். அந்தப் படத்தில் உன் கை கொஞ்சம் ஆடியிருக்கிறது. ஹிபாவின் ஜிமிக்கி ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஆனால் அவள் முகமும் என் முகமும் தெளிவு. பாதி அழுத்துவது உன் விரலுக்கே தெரிந்திருக்கிறது, நீ பார்க்காவிட்டாலும். மூக்கெல்லாம் சிவந்து, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அழகாக இருக்கிறேன் கவி, நானே சொல்லிக்கொள்கிறேன். என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தேன் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அந்தப் படம் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. எனக்கு அது வீட்டில் இருந்தால் போதும்.

இப்போது உன் அம்மா எடுத்ததைக் கேள். நம் இருவருக்கும் தலை இல்லை. கழுத்தோடு முடிந்துவிட்டோம். ஆனால் எங்கிருந்துதான் கற்றுக்கொண்டாரோ, பாதி அழுத்தியிருக்கிறார். பச்சைக் கட்டம் நம் கைகளின்மேல் விழுந்திருக்கிறது. நீ என் கையைப் பிடித்திருப்பது அவ்வளவு தெளிவு. உன் மணிக்கட்டில் வார் அழுத்திய தடம் தெரிகிறது. என் விரலில் ஊசி குத்திய தழும்பு தெரிகிறது.

என் அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "இதுல மூஞ்சியே இல்லியே. இது வெளிய போனா போவட்டும்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே போக அம்மாவிடம் அனுமதி வாங்கிய ஒரே படம் அதுதான். கேமரா திரையையே என் மொபைலால் எடுத்து, நம் பள்ளிக் குரூப்பில் போட்டுவிட்டேன். நீ அன்றைக்கு அந்த வார்த்தையைப் பேசி அனுப்பிய அதே குரூப்பில். கீழே, 'கத்தரி பிடிக்கிற கையும் கேமரா பிடிக்கிற கையும்' என்று எழுதினேன். போட்டதுமே நம் வகுப்பு ஜெயப்பிரியா கேட்டாள், "யாருடி இவுங்க ரெண்டு பேரு?" என்று. மற்றவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

கார்டை மட்டும் உருவி அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு, கேமராவின் லென்ஸைத் துடைக்காமல், தொடாமல், உறையில் போட்டு ஃபயாஸிடம் கொடுத்திருக்கிறேன். உன்னை அன்பிளாக் செய்துவிட்டேன். டீயை அடுப்பில் வைத்துவிட்டு மொபைலை எடு. அவர்களுக்கு நீயே பதில் சொல்லு.

இஃபத்